ஸ்க்ரூ பிடிக்க எலும்பு வேண்டும்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. வீட்டு அடிபம்பு பக்கத்தில் ஈரத்தரையில் வழுக்கி இடப்பக்கமாக விழுந்தார். தோள்பட்டை எலும்பு மூன்று துண்டாக உடைந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் பிளேட் வைத்து 9 ஸ்க்ரூ போட்டார்கள். இன்றோடு ஏழு வாரம். முதல் மூன்று நான்கு வாரம் வலி குறைந்துகொண்டே வந்தது. இப்போது மறுபடி கூடியிருக்கிறது. கையைத் தூக்கிவிட்டால் உள்ளே ‘கறக் கறக்’ என்று சத்தம் கேட்கிறது. ஆறாவது வார எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், “பந்து கொஞ்சம் சாஞ்சிருக்கு, ரெண்டு ஸ்க்ரூ முனை மூட்டுப் பக்கம் வந்திருக்கு, எலும்பு ரொம்ப வீக். ஒரு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்” என்றார். கால்சியம் மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். வைட்டமின் டி 11, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8.9. ஆபரேஷனில் தப்பு நடந்துவிட்டதா? பிளேட்டை எடுத்துவிடலாமா? பக்கத்து வீட்டு ஆயா, பிளேட்டை எடுத்துவிட்டு எண்ணெய்க் கட்டு போடச் சொல்கிறார். அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, சென்னை-21

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவற்றுக்குப் போவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறைந்துவந்த வலி திரும்பக் கூடுகிறது, அசைத்தால் உரசும் சத்தம் வருகிறது, ஸ்க்ரூ முனை மூட்டருகே தெரிகிறது. இந்த மூன்றும் ஒரே தோளில் சேர்ந்து வந்தால் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. இந்த வாரத்துக்குள் அந்தத் தோளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள். முடிவு வரும்வரை யாரும் அந்தக் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார் என்றால் அவரிடமும் சொல்லி நிறுத்துங்கள்.

ஏன் எக்ஸ்ரே போதாது? கை எலும்பின் மேல்முனை ஓர் உருண்டை; டாக்டர் ‘பந்து’ என்றது இதைத்தான். எக்ஸ்ரே அதன் நிழல்தான். உருண்டையின் முன்பக்கமோ பின்பக்கமோ துளைத்து வெளியே வந்த ஸ்க்ரூ, நேராக எடுத்த படத்தில் உள்ளேயே இருப்பதுபோலத் தெரியும். சி.டி. துண்டு துண்டாக வெட்டிக் காட்டுவதால், உலோகம் கொஞ்சம் மங்கலடித்தாலும், முனை எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

உள்ளே என்ன நடந்திருக்கக்கூடும் என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். இப்போது தோளுக்கு வைப்பது பெரும்பாலும் லாக்கிங் பிளேட். ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே மரை போட்டு இறுகிவிடும். பழைய வகைப் பிளேட்டில் எலும்பு தளர்ந்தால் ஸ்க்ரூ பின்வாங்கி வெளியே வரும். இதில் ஸ்க்ரூ நகராது, எலும்புதான் நகரும். மெலிந்த எலும்பில் பந்து மெல்ல உள்பக்கமாகச் சாய்ந்து கீழே இறங்கும்போது, நின்ற இடத்தில் நிற்கும் ஸ்க்ரூ அந்தப் பந்தைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் தலைகாட்டும். எதிரே இருப்பது தோள்பட்டைக் கிண்ணத்தின் குருத்தெலும்பு. சில மில்லிமீட்டர் கனம்தான். கையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூ முனை அதைக் கீறுகிறது. ‘கறக் கறக்’ சத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு: தசைநார் பிளேட் மேல் உரசலாம், உள்ளே உண்டான தழும்பு உரசலாம். ஆனால் ஸ்க்ரூ இல்லை என்று உறுதியான பிறகுதான் அந்தக் காரணங்களுக்குப் போக வேண்டும். கிண்ணம் கெடாதவரை கையில் பல வழிகள் உண்டு. கிண்ணம் தேய்ந்துவிட்டால் மூட்டு மாற்றுவதைத் தவிர அதிகம் மிஞ்சாது. அந்த மாற்றும் கடினமாகிவிடும்.

இனி, “எலும்பு ரொம்ப வீக்” என்ற அந்த வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு அதற்கு வைத்தியம் தொடங்காமல் விட்டதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து தோள் உடைந்தால் முறிவு ஒரு நோய், எலும்பு மெலிவு இன்னொரு நோய். பிளேட் முதல் நோய்க்கு மட்டுமே. இரண்டாவதற்கு இன்னும் மருந்தே ஆரம்பிக்கவில்லை.

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகள் இன்னும் இருக்கின்றன. காலண்டர் மாட்ட ஆணி அடித்தவர்களுக்குத் தெரியும்: ஆணி நல்ல ஆணிதான், ஆனால் அதைச் சுற்றி இருக்கும் காரை பொடிந்து உதிரும். இன்னும் பெரிய ஆணி அடித்தால் ஓட்டை பெரிதாகும், அவ்வளவுதான். எழுபது வயதுப் பெண்ணின் தோள் உருண்டை கிட்டத்தட்ட அந்த நிலைமை. நடுப்பகுதி ஏறக்குறைய வெற்றிடமாகி, கொழுப்புதான் நிறைந்திருக்கும். கெட்டியான எலும்பு குருத்தெலும்புக்கு அடியில் ஒரு மெல்லிய ஓடாகத்தான் மிஞ்சியிருக்கும். அதனால் ஸ்க்ரூவைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டால் பிடிப்பு இல்லை, கொஞ்சம் நீளமாகப் போட்டால் மூட்டுக்குள் எட்டிப் பார்க்கும். குருத்தெலும்புப் பரப்புக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் உள்ளேயே முனை நின்றுவிட வேண்டும் என்பதுதான் வழக்கம். பந்து நாலைந்து மில்லிமீட்டர் இறங்கினாலே அந்த இடைவெளி காலி.

எலும்பின் தரத்தை ஆபரேஷனுக்கு முன் எடுத்த முதல் எக்ஸ்ரேயிலேயே ஓரளவு கணிக்கலாம். அந்தப் படம் உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மேற்கை எலும்பின் நடுத்தண்டில், மேலே விரிந்து வரும் இரண்டு ஓரங்களும் இணைகோடாக மாறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே வெளி அகலத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு வெள்ளைச் சுவர்களுக்கும் நடுவே கருப்பாகத் தெரியும் மஜ்ஜைக் குழாயின் அகலத்தை அளந்து, முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். 24 மி.மீ. அகலம், 18 மி.மீ. குழாய் என்றால் 1.33. இந்த எண் 1.4-க்குக் கீழே இருந்தால் அந்த இடத்தில் எலும்பு மெலிந்திருக்கிறது என்று பொருள். இது விகிதம் என்பதால் படம் பெரிதாக அச்சாகியிருந்தாலும் சிறிதாக அச்சாகியிருந்தாலும் மாறாது. இதைக் கொண்டு நீங்கள் வைத்தியம் முடிவு செய்ய வேண்டாம். டாக்டரிடம் பேசும்போது “வீக்” என்ற சொல்லுக்கு ஓர் எண் கையில் இருக்கும்.

இன்னொரு அளவு இதைவிட முக்கியம். ஆபரேஷன் முடிந்த மறுநாள் படத்தையும் ஆறாவது வாரப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். பிளேட்டின் மேல் நுனியிலிருந்து பந்தின் உச்சிவரை உள்ள உயரத்தை இரண்டிலும் அளந்து பாருங்கள். இங்கே படத்தின் அளவு மாறினால் கணக்கு தப்பும். அதற்கு ஒரு வழி உண்டு: இந்தப் பிளேட்டுகளில் பொதுவாகப் போடும் ஸ்க்ரூவின் தடிமன் 3.5 மி.மீ. படத்தில் ஒரு ஸ்க்ரூ எவ்வளவு தடிமனாகத் தெரிகிறது என்று பார்த்து, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உயரம் 5 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் பந்து உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. கை திரும்பியிருந்த கோணம் வேறாக இருந்தாலும் அளவு மாறித் தெரியும் என்பதால், இரண்டு படமும் ஒரே வாட்டத்தில் எடுத்தவையா என்று கவனியுங்கள்.

“தப்பு நடந்துவிட்டதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது நியாயமில்லை. இவ்வளவு மெலிந்த எலும்பில், எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஒரு பகுதியினருக்குப் பந்து சாயத்தான் செய்கிறது. ஆனால் சாய்வைக் கூட்டும் காரணங்கள் தெரிந்தவைதான், அவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பந்துக்கும் தண்டுக்கும் இடையே இயல்பான கோணம் 135 டிகிரி வாக்கில் இருக்கும். மறுநாள் படத்திலேயே அது 120-க்குக் கீழே இருந்தால், சாய்ந்த நிலையிலேயே பிளேட் பொருத்தப்பட்டிருக்கிறது. அது பின்னாளில் மேலும் சாயும். அடுத்தது உள்பக்கத் தாங்கல். அக்குள் பக்கத்தில் இருக்கும் எலும்பு ஓரம் நொறுங்கிப்போயிருந்தால் பந்துக்குக் கீழே முட்டு இல்லை. அப்படிப்பட்ட முறிவில் பிளேட்டின் கீழ்ப்பகுதியிலிருந்து சாய்வாக மேல்நோக்கி, அந்த ஓரத்தைத் தழுவி ஒன்றிரண்டு ஸ்க்ரூ போடுவார்கள். சிலருக்கு எலும்பு வங்கியிலிருந்து வாங்கிய கால் எலும்புத் துண்டை உள்ளே முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள், அல்லது ஸ்க்ரூ முனையைச் சுற்றிக் கொஞ்சம் எலும்பு சிமென்ட் செலுத்துவார்கள். மூன்றாவது தையல். உருண்டையின் மேலோட்டில் ஒட்டியிருக்கும் தசைநார்களைக் கரையாத நூலால் பிளேட்டின் சிறு துளைகளோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வயதானவர்களில் எலும்பைவிடத் தசைநார் பலமானது. ஸ்க்ரூ விட்டாலும் நூல் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த மூன்றையும் “சார், உள்பக்க ஸ்க்ரூ போட்டிருக்கா, தசைநாரைத் தையல் போட்டிருக்கா, மறுநாள் கோணம் எவ்வளவு?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அது கட்டாயம் தேவைப்படும். பிளேட்டும் ஸ்க்ரூவும் எந்த நிறுவனத்துடையவை என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் அதில் இருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றச் சரியான ஸ்க்ரூடிரைவர் கொண்டுவர அந்த ஸ்டிக்கர்தான் வழிகாட்டும்.

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கு ஒரு சொல். தோள் உடைந்தால் எல்லோருக்கும் பிளேட் தேவை என்பதில்லை. பிரிட்டனில் 250 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், விலகிய தோள் முறிவுகளுக்கு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் தூளி (கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் துணிக்கட்டு) மட்டும் போட்டவர்களுக்கும் இரண்டு வருட முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பந்து மூட்டைவிட்டு வெளியே போன முறிவுகள் அந்த ஆய்வில் சேராது. வயதான ஒருவருக்கு “தூளி போட்டே பார்ப்போம்” என்று சொல்லும் டாக்டர் அலட்சியக்காரர் அல்ல.

உங்கள் அம்மாவிடம் திரும்புவோம். மறுபடி ஆபரேஷன் என்ற பேச்சுக்கு முன், உள்ளே கிருமி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எச்பிஏ1சி 8.9 இருக்கும் ஒருவருக்கு இது வெறும் சம்பிரதாயம் அல்ல. தோளில் வரும் கிருமித்தொற்று பல நேரம் சீழோ காய்ச்சலோ காட்டாமல் வலியாக மட்டும் இருக்கும். அக்குள், தோள் பக்கத்துத் தோலில் வாழும் கியூட்டிபாக்டீரியம் என்ற கிருமி அப்படிப்பட்டது. மெதுவாக வளரும். பரிசோதனைக்கூடத்தில் இரண்டு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். வழக்கம்போல ஐந்தாம் நாள் “கிருமி இல்லை” என்று அறிக்கை வந்தால் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ரத்தத்தில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். (உள்ளே அழற்சி இருந்தால் உயரும் அளவுகள்) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் ஏறும் சி.ஆர்.பி. பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவிடும். ஏழாவது வாரத்தில் அது உயர்ந்திருந்தால் காரணம் தேட வேண்டும்.

சி.டி.யில் ஸ்க்ரூ வெளியே வரவில்லை, பந்து கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அங்கேயே நிலைத்து எலும்பு கூடத் தொடங்கியிருக்கிறது என்றால், தொடாமல் விடுவதே நல்லது. கை தலைக்கு மேல் முழுதாகப் போகாது. ஆனால் சாப்பிட, முகம் கழுவ, புடவை கட்டப் போதுமான அசைவு பலருக்குக் கிடைக்கிறது. 71 வயதில் வலியில்லாமல் அவ்வளவு கிடைத்தால் அது நல்ல முடிவுதான்.

ஸ்க்ரூ வெளியே வந்திருந்து, முறிவும் ஓரளவு கூடியிருந்தால், அந்த ஒன்றிரண்டு ஸ்க்ரூவை மட்டும் எடுத்துவிடலாம், அல்லது குட்டையானதாக மாற்றலாம். சிறிய ஆபரேஷன். “பிளேட்டை எடுத்துவிடலாமா” என்ற உங்கள் கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது: ஏழாவது வாரத்தில் முழுப் பிளேட்டையும் எடுத்தால், இன்னும் உறுதியாகாத எலும்பு பிடிமானமில்லாமல் மொத்தமாகச் சரியும். பிளேட் எடுப்பதாக இருந்தாலும் எலும்பு முழுவதும் கூடிய பிறகுதான். வலி இல்லாவிட்டால் எடுக்கவே தேவையில்லை.

ஸ்க்ரூவும் வெளியே வந்து, பந்தும் நொறுங்கி, எலும்பும் கூடவில்லை என்றால் மறுபடி பிளேட் வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. முதல் முறை பிடிக்காத எலும்பில் இப்போது பழைய துளைகளும் சேர்ந்திருக்கும். அந்த நிலையில் ரிவர்ஸ் தோள் மூட்டு மாற்றுதான் பேசப்படும். இதில் பந்தும் கிண்ணமும் இடம் மாறும். தோள்பட்டைப் பக்கம் உலோகப் பந்து, கைப் பக்கம் கிண்ணம். உடைந்த எலும்போடு சேர்ந்து பயனற்றுப் போன தசைநார்களை நம்பாமல், தோளின் வெளிப்புறத்தில் இருக்கும் பெரிய டெல்டாய்டு தசையே கையைத் தூக்கும். எனவே அந்தத் தசைக்குப் போகும் நரம்பு வேலை செய்கிறதா என்று முன்பே பார்த்தாக வேண்டும். அம்மாவின் மேற்கையின் வெளிப்பக்கம், தோள் முனைக்கு நாலு விரல் கீழே, தொட்டால் மரத்துப்போனதுபோல இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: முதலிலேயே செய்யும் மூட்டு மாற்றைவிட, பிளேட் தோற்றபின் செய்யும் மாற்றில் கிருமித்தொற்றும் மூட்டு நழுவுதலும் கூடுதல், கை தூக்கும் உயரம் குறைவு. அதனால்தான் கிண்ணம் கெடுவதற்கு முன் பிடிக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஸ்க்ரூ விவகாரம் நல்லபடி முடிந்தாலும் ஒன்று மிச்சமிருக்கும். முறிவின்போது பந்துக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்கள் அறுந்திருக்கலாம். பந்தின் உள்கீழ் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த எலும்பு நீட்சி 8 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து, உள்பக்கக் கீலும் (பந்தும் தண்டும் சேரும் அக்குள் பக்க ஓரம்) 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் அந்தச் சந்தேகம் அதிகம். ரத்தம் போகாத எலும்பு உடனே கெடாது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தும் பந்து சரியலாம். நேற்றுவரை உள்ளே இருந்த ஸ்க்ரூ அன்று வெளியே வரும். ஆகவே ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று படம் எடுப்பதை, வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

இப்போது எலும்புக்கான வைத்தியம். உங்கள் பட்டியலில் இரண்டு மாத்திரைகளில் என் கண் நின்றது. சர்க்கரைக்காகத் தரும் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையில் ஒன்று பியோகிளிட்டசோன். பெண்களுக்கு எலும்பு முறிவு அபாயத்தைக் கூட்டும் மருந்து அது. இன்சுலினோ வேறு மாத்திரையோ மாற்றித் தரும்படி சர்க்கரை டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தினால் சர்க்கரை ஏறும், அதுவும் கெடுதல். இரண்டாவது, ஆறு வருடமாகக் காலையில் போட்டுவரும் பான்டோபிரசோல். ‘கேஸ் மாத்திரை’ என்று சாதாரணமாக நினைக்கிறோம். நீண்டகாலம் சாப்பிடுவோரிடம் எலும்பு முறிவு கூடுதலாகக் காணப்படுகிறது. அதோடு, அம்மாவுக்குக் கொடுத்திருப்பது கால்சியம் கார்பனேட். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஒரு மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது, இன்னொரு மாத்திரை அமிலம் இருந்தால்தான் சேரும். பான்டோபிரசோல் உண்மையிலேயே தேவையா என்று கேளுங்கள். தேவை என்றால் கால்சியம் சிட்ரேட்டாக மாற்றிக்கொள்ளலாம், அதற்கு அமிலம் வேண்டாம். கார்பனேட்டாகவே தொடர்ந்தால் சாப்பாட்டுக்குப் பின்தான் போட வேண்டும்.

அட்டையில் 1250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று அச்சடித்திருந்தால் உள்ளே இருக்கும் கால்சியம் 500 மி.கி. மட்டுமே. இந்த வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 1,200 மி.கி. வேண்டும். 150 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர் பால் அல்லது மோராக்கும் தயிர் என்றால் 350 மி.கி. வாக்கில் வரும். 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 180. காசிமேட்டிலிருந்து வரும் நெத்திலியை முள்ளோடு குழம்பு வைத்தால் அதுவும் சேரும். கருவாடாக வேண்டாம், உப்பு அதிகம். கூடவே புரதம். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் தேவை. கஞ்சியும் ரசஞ்சோறும் மட்டும் சாப்பிட்டால் அதில் பாதிகூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் வாக்கில். சிறுநீரகம் பாதித்திருந்தால் மட்டும் இந்த அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வைட்டமின் டி 11 என்பது தெளிவான குறைபாடு; 20-க்குக் கீழே போனாலே குறைபாடுதான். வழக்கமாக 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம் தருவார்கள், பிறகு மாதம் ஒன்று. கொழுப்புள்ள உணவோடு சேர்த்தால் நன்றாகச் சேரும். கவனம்: வாரம் ஒன்று போட வேண்டியதைத் தினம் ஒன்று போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மயக்கமுமாக வருகிறவர்கள் உண்டு. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டம் போட்டு வையுங்கள். வெயிலைப் பொறுத்தவரை, காலை ஏழு மணி இளவெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. உங்கள் பகுதிச் சந்துகளில் வெயில் இறங்குவதும் அரிது. மொட்டை மாடியில் பத்து மணிக்கு மேல் கை, முதுகில் வெயில் படும்படி இருபது நிமிடம் உட்காரலாம். ஆனால் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லையென்றால் அதைவிட மாத்திரை பத்திரமானது.

கால்சியமும் டி-யும் செங்கல், மணல் மாதிரி. கொத்தனார் வேறு. அந்த மருந்துதான் அம்மாவுக்கு இன்னும் தொடங்கவில்லை. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்பு மெலிவு என்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு இந்த எண் ஏமாற்றும், எண் சுமாராக இருக்கும்போதே எலும்பு உடையும். ஏற்கெனவே ஒரு முறை சாதாரணமாக விழுந்து உடைந்துவிட்டதால், எண் மைனஸ் 2 என்று வந்தாலும் மருந்து தேவைதான். ஸ்கேனுக்குக் காத்திருந்து நாள் கடத்த வேண்டாம்.

மருந்துகளில் பரவலாகத் தருவது வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். அதற்கு முன் மூன்று பார்க்க வேண்டும். வைட்டமின் டி-யைச் சரி செய்திருக்க வேண்டும், இல்லையேல் ரத்தக் கால்சியம் சட்டென்று இறங்கும். சிறுநீரக வடிகட்டும் திறன் 35-க்கு மேல் இருக்க வேண்டும், 14 வருடச் சர்க்கரைக்கு இதைப் பார்க்காமல் ஏற்றக் கூடாது. பிடுங்க வேண்டிய சொத்தைப் பல் இருந்தால் முதலில் பிடுங்கி ஆறவிட வேண்டும். ஏற்றிய மறுநாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம், பாரசிட்டமால் போதும். வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை மலிவானது. வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்கவும் கூடாது, காபி குடிக்கவும் கூடாது. நெஞ்செரிச்சல்காரர்களுக்கு ஒத்துவராது. மிகவும் மெலிந்த எலும்புக்கு டெரிபாராடைடு என்ற ஊசி, தினமும் 20 மைக்ரோகிராம், அதிகபட்சம் இரண்டு வருடம். புது எலும்பை வளர்க்கும் மருந்து இது. ஆனால் செலவும் ஃபிரிட்ஜும் வேண்டும், முடிந்ததும் வேறு மருந்து தொடர்ந்தாக வேண்டும். சிறுநீரகம் இடம் கொடுக்காதவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப். அதை இஷ்டத்துக்கு நிறுத்தினால் முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கும் ஆபத்து உண்டு. ஊசி போடும் தேதியை வீட்டில் இரண்டு பேராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த மருந்துகள் முறிந்த எலும்பு கூடுவதைத் தடுத்துவிடுமோ என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அப்படித் தடுப்பதாக உறுதியான சான்று இல்லை. மேலே சொன்னவற்றைப் பார்த்துச் சரி செய்துவிட்டால், முறிவுக்காகத் தள்ளிப்போடாமல் தாராளமாகத் தொடங்கலாம்.

எண்ணெய்க் கட்டு பற்றி. ஆயா அக்கறையில் சொல்கிறார், அவரிடம் கோபிக்க வேண்டாம். ஆனால் பிளேட் இருக்கும் தோளை நீவினால், மெலிந்த எலும்பில் இருக்கும் கொஞ்ச நஞ்சப் பிடிப்பும் போகும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் சர்க்கரைக்காரரின் தோல் புண்ணாகும், அந்தப் புண்ணிலிருந்து கிருமி பிளேட்டுக்கு இறங்கும். தோள் மூட்டு கட்டுக்குள் அடங்குவதும் இல்லை. கட்டினால் இறுகிப்போகும், அவ்வளவுதான்.

சி.டி. முடிவு வரும்வரை கையை முழுக்க முடக்கிவிடவும் வேண்டாம், சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் சீக்கிரம் இறுகும். விரல்களை மூடித் திறப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தினம் நாலைந்து வேளை, வேளைக்குப் பத்து முறை. இதில் தோள் அசையாது. படுக்கும்போது மல்லாந்து, முதுகுக்கு இரண்டு தலையணை உயர்த்தி, முழங்கைக்கு அடியிலும் ஒன்று வைக்க வேண்டும். முழங்கை உடம்புக்குப் பின்னால் தொங்கினால் முறிவில் இழுப்பு விழும், ராத்திரி வலிக்குப் பாதிக் காரணம் அதுதான். குளிக்கும்போது இடுப்பிலிருந்து லேசாக முன்னால் குனியச் சொல்லுங்கள், கை தானாகத் தொங்கி அக்குள் விரியும். சோப்பு போட்டு அலசி, பருத்தித் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் தூளிக்குள் அக்குள் புண்ணாவது சகஜம். முன்பக்கம் திறக்கும் நைட்டி போதும். போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். கட்டிலிலிருந்து எழ அந்தக் கையை ஊன்றக் கூடாது, நீங்களும் அந்தக் கையைப் பிடித்து எழுப்பக் கூடாது. குடம் தூக்கும் பேச்சே வேண்டாம். நிறைந்த பிளாஸ்டிக் குடம் 15 கிலோ வரும்.

விழுந்த விதத்தையும் கவனியுங்கள். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு உடையும். பக்கவாட்டில் தோள்மேலேயே விழுந்தார் என்றால், தடுக்கக் கை நீள்வதற்குள் விழுந்துவிட்டார் என்று பொருள். தோள் உடைந்தவருக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் இடுப்பு எலும்பு உடையும் அபாயம், உடையாதவரைவிடப் பல மடங்கு. கண்புரை இருக்கிறதா, படுக்கையிலிருந்து எழுந்ததும் பி.பி. இறங்குகிறதா, விடிகாலையில் சர்க்கரை தாழ்கிறதா, பாதம் மரத்திருக்கிறதா என்று நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிபம்பு தளத்துக்குத் துளையுள்ள ரப்பர் விரிப்பு, கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி, படுக்கையிலிருந்து அங்கே போகும் வழியில் இரவு முழுக்க ஒரு விளக்கு. ஒரே நாளில் முடியும் வேலைதான்.

ஆபரேஷன் செய்த டாக்டரிடமே முதலில் போங்கள், உள்ளே இருப்பதை அறிந்தவர் அவர். சி.டி.க்கு அவர் சம்மதிக்காவிட்டால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ எலும்பு முறிவுப் பிரிவின் புறநோயாளிப் பகுதியில் காலையிலேயே காட்டலாம். முதல் நாள், மறுநாள், ஆறாவது வாரம் எடுத்த மூன்று படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, ரத்த அறிக்கைகள், மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். தையல் இடத்தில் நீர் கசிந்தாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, கை விரல்கள் திடீரென்று மரத்து வீங்கினாலோ புறநோயாளி நேரத்துக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.